ஒன்றுக்கு அடுத்தது பத்து

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அலுவலகத்தில் அதைச் சொல்லிக் கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். "அடுக்கு இருக்காங்களா?" என்று கேட்டால்தான் மாடிக்குக் கை காட்டுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் சர்வேயர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், "இந்தப் பொண்ணு வந்ததுலேர்ந்து எதையாவது அடுக்கிக்கிட்டே இருக்குப்பா" என்று சொல்லிவைத்தார். சொன்னவர் மறந்துவிட்டார், பெயர் மறக்கவில்லை. இப்போது அவளுடைய கணவரே செல்போனில் அவள் எண்ணை அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார்.

அவள் வேலை பார்ப்பது நில அளவை அலுவலகத்தின் மாடியில், பின்பக்க அறையில். மூன்று கணினி, ஒரு பெரிய பிரிண்டர், சுற்றும்போதெல்லாம் முனகுகிற மின்விசிறி ஒன்று. ஜன்னலைத் திறந்தால் கீழே பஸ் ஸ்டாண்டு. செம்மண் திடல். பஸ்கள் நாள் முழுக்கத் திரும்பித் திரும்பி அரைத்ததில் அங்கே ஒரு புல்கூட உயிரோடு இல்லை. காலையில் வந்ததும் ஜன்னலைச் சாத்துவதுதான் அவளுடைய முதல் வேலை. சாத்தாவிட்டால் மத்தியானத்துக்குள் விசைப்பலகையில் விதை போடலாம், அவ்வளவு மண் படிந்துவிடும்.

அப்படி என்னதான் அடுக்குகிறாள்? செயற்கைக்கோள் ஓர் ஊரைப் படம் எடுத்தால் நம் கல்யாண போட்டோ மாதிரி ஒரே படமாக அனுப்பிவிடாது. நீல ஒளியில் ஒன்று, பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று, மனுஷக் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பில் ஒன்று, தரையின் சூட்டை அளந்து இன்னொன்று என்று ஒரே இடத்தைப் பல விதமாகப் பார்த்து, தனித்தனிக் கோப்புகளாக அனுப்பும். மொத்தம் பதினொன்று. எதைத் தனியாகத் திறந்தாலும் உப்புச் சப்பில்லாத கறுப்பு வெள்ளைதான். ஒரு வயலின் புள்ளி எல்லாப் படத்திலும் அதே வயலின் மேலேயே விழும்படி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே கோப்பாகச் சேமித்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் அதை வைத்து ஏதாவது கணக்குப் போட முடியும். நல்ல பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு அகச்சிவப்பைத் திருப்பி வீசும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த வயல் தழைக்கிறது, எது வாடுகிறது என்று ஆகாயத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த ஒரே கோப்புக்குள் போனபிறகு ஒளிகளுக்குப் பெயர் கிடையாது, இடம்தான் உண்டு. நான்காவது இடத்தில் இருப்பது சிவப்பு, ஐந்தாவதில் இருப்பது அகச்சிவப்பு என்று வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அடுக்குகிறவள் கண்ணை மூடக்கூடாது. இத்தனை வருஷமாக அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் அடுக்கி வந்தாள். வீட்டிலும் அதே குணம்தான். டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கும், செருப்புகள் ஜோடி ஜோடியாக வாசலைப் பார்த்து நிற்கும். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற மனிதர், வீட்டில் கண்ணெதிரே இருக்கும் சீப்பைத் தேடுவார். இவள் மட்டும் இல்லையென்றால் அவர் தலை வாராமலே கடைக்குப் போயிருப்பார்.

நல்ல பெண். சிரித்த முகம். தான் சொல்லும் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்துவிடுவாள். ஒரே ஒரு பலவீனம்: பாராட்டு என்றால் உயிர். அதை மறைக்கவும் தெரியாது. "இன்னைக்குக் காபி நல்லா இருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மறுநாள் அவருக்கு இரண்டு டம்ளர் வரும். உலகத்தில் எல்லோரிடமிருந்தும் ஏதோ ஒரு நல்ல வார்த்தையை அவள் வாங்கிவிட்டாள். பாக்கி நின்றது ஒரே ஒருவரிடம்தான்.

அந்த ஒருவர் கணவருடைய அக்கா. பாசன அலுவலகத்தில் அதிகாரி. கால்வாயில் எந்த மதகு எப்போது திறக்கும் என்பதை முடிவு செய்கிறவர் என்பதால் ஊருக்கு அவர் மதகம்மா. உயரமான ஆள், நேரான முதுகு, அதைவிட நேரான பேச்சு. சொன்னால் சொன்னதுதான். ஒருதடவை சொன்னதை அவர் மாற்றிச் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. தம்பி மனைவியிடம் அவர் குறை கண்டாரா என்றால் அதுவும் கிடையாது. குறை சொன்னாலாவது பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொள்ளலாம். அவர் "ம்" என்பார். புதுப் புடவையா, "ம்." வேலை நிரந்தரமாகிவிட்டதா, "ம்." கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஒற்றை எழுத்தை வாங்கி வாங்கி அடுக்குக்கு அலுத்துவிட்டது. "உங்கக்கா வாயில முத்து ஏதாவது வச்சிருக்காங்களா? திறந்தா விழுந்துடுமா?" என்று கணவரிடம் கேட்பாள். அவர் சீப்பைத் தேடப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் அவள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அணையில் தண்ணீர் குறைவு. தலைமடையோ கடைமடையோ, ஒரு பக்கத்துக்குத்தான் விட முடியும். இரண்டு பக்கத்துக்காரர்களும் எங்கள் பயிர்தான் சாகிறது என்று சத்தியம் செய்கிறார்கள். திங்கட்கிழமை கூட்டம், அன்றைக்கே மதகு திறந்தாக வேண்டும்.

"யாரு பேச்சையும் நம்புறதா இல்ல. உன் படம் வேணும். கணக்கு நானே போட்டுக்குவேன்" என்றார் மதகம்மா.

உன் படம்! போனை வைத்தவள் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். சர்வேயர், "என்ன, லாட்டரியா?" என்றார்.

பாசன அலுவலகத்துக்கு வழக்கமாக முதல் ஏழு படங்களை அடுக்கிக் கொடுத்தால் போதும். ஆனால் கேட்டது யார்? அண்ணியாயிற்றே! ஏழு கொடுப்பதா? பதினொன்றையும் கொடுத்து அசத்திவிடுவது என்று தீர்மானித்தாள். அதில் ஒன்று மற்றவற்றைவிடப் பொடியான புள்ளிகளால் ஆனது. மெனக்கெட்டு உட்கார்ந்து அதை மற்றவற்றின் அளவுக்குக் கொண்டுவந்தாள். மேக நிழலை நீக்கினாள். எல்லைக் கோட்டை இரண்டு தடவை சரிபார்த்தாள். எல்லாம் முடிந்து கடைசியில் அடுக்குகிற நேரம் வந்தபோது, ஒவ்வொன்றாகச் சேர்க்காமல், பதினொரு கோப்புகளையும் ஒரே வீச்சில் சேர்த்துப் பிடித்து மென்பொருளிடம் கொடுத்தாள். ஏழு படத்துக்கு எப்போதும் அப்படித்தான் செய்வாள், ஒருநாளும் பிசகியதில்லை. பதினொன்றுக்கும் அதே கைவாகில் செய்துவிட்டு, "அண்ணி, அனுப்பிட்டேன்" என்று செய்தியும் போட்டாள். பதிலுக்கு என்ன வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதகம்மா சாப்பிட வந்தார். கையில் நீளமாகச் சுருட்டிய தாள். சாப்பாட்டு மேசையில் வறுத்த மீனை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தாளை விரித்தார். பயிர் செழித்த இடம் பச்சை, வாடிய இடம் சிவப்பு, தண்ணீர் நீலம். பெரிய படம், மேசைக்கு வெளியேயும் தொங்கியது.

"நல்லா பண்ணியிருக்கா" என்றார் மதகம்மா, தம்பியைப் பார்த்து. "இவ்வளவு தெளிவா ஒரு படம் எங்க ஆபீஸுக்கு வந்ததே இல்ல. நேத்து தலைமடைக்காரர் ஒருத்தர் வந்தாரு. பாருங்க, உங்க பக்கம்தான் காஞ்சிருக்கு, தண்ணி உங்களுக்குத்தான்னு சொல்லிட்டேன். சந்தோஷமா போனாரு."

அடுக்கு கரண்டியைக் கீழே வைத்தாள். வாய் காதுவரைக்கும் போயிற்று. இதற்காகத்தான் எத்தனை வருஷம்! கணவர் கண்ணாடி போடாமலே படத்தைக் குனிந்து பார்த்து, "படம்னா இதுதான் படம்" என்றார். அவளும் பெருமையோடு, தன் பிள்ளையைப் பார்ப்பதுபோல, படத்தைப் பார்த்தாள். அணை நீலமாக இருந்தது, சரி. கால்வாய் இருந்தது, சரி. நகரத்தின் நடுவில் தன் அலுவலகத்தைத் தேடினாள். அதன் பின்னால் நல்ல கரும்பச்சையில், ஊரிலேயே செழிப்பான இடமாக, பஸ் ஸ்டாண்டு மின்னிக்கொண்டிருந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆயிற்று அவள் நிலை. கத்தவும் முடியாது, கொட்டிய இடத்தைத் தடவவும் முடியாது. புல் இல்லாத செம்மண் பச்சையாகத் தெரிகிறது என்றால் வெடித்துக் கிடக்கும் கடைமடை மண்ணும் பச்சையாகத்தான் தெரியும். தெரிந்தது. தளதளவென்று நிற்கும் தலைமடைப் பயிர் சிவப்பாக இருந்தது. தான் அடுக்கிய வரிசையை மனதுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... இல்லை. ஐயோ, இல்லை. கணினிக்கு எண்ணத் தெரியும் என்று எவன் சொன்னது? கோப்பின் பெயரிலுள்ள எண்ணை அது எழுத்தாகத்தான் பார்க்கும். ஒன்றில் ஆரம்பிப்பவை எல்லாம் முன்னால். ஒன்று, அப்புறம் பத்து, அப்புறம் பதினொன்று, அதற்கும் பிறகுதான் இரண்டு. ஏழோடு நிறுத்தியவரை அந்தக் குட்டு வெளிப்படவே இல்லை. சிவப்பு இருக்கவேண்டிய நான்காவது இடத்தில் இரண்டாம் எண்ணான நீலமும், அகச்சிவப்பு இருக்கவேண்டிய ஐந்தாவதில் மூன்றாம் எண்ணான பச்சையும் போய் உட்கார்ந்திருக்கின்றன. அண்ணி கணக்கில் தப்பே இல்லை. தப்பான இரண்டை வைத்துச் சரியாகப் போட்ட கணக்கு அது.

"என்ன, பேச்சைக் காணோம்?" என்றார் கணவர்.

"மீன்ல முள்ளு" என்றாள்.

பொய் சொல்வானேன், அவள் சும்மா இருந்துவிடலாமா என்று யோசிக்கத்தான் செய்தாள். ஒரு மீன் துண்டைத் தின்று முடிக்கும்வரை யோசித்தாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இது பொன்குடம்கூட இல்லை, அணையே உடைந்த கணக்கு. இப்போதுதான் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார். சொன்ன சொல் மாறாத மனுஷி, தலைமடைக்காரருக்கு வாக்கு வேறு கொடுத்துவிட்டார். இனிமேல் உண்மையைச் சொன்னால் அண்ணி ஊர் முன்னால் தன் வாக்கைத் தானே விழுங்கவேண்டும். அதற்குப்பிறகு ஆயுசுக்கும் "ம்" கூடக் கிடைக்காது. ஆனால் போன மாதம்தான் சர்வேயரோடு கடைமடைக்குப் போய் வந்திருந்தாள். வயல் வெடிப்பில் அவளுடைய செருப்பு ஒன்று சிக்கிக்கொண்டது. அங்கிருந்த ஒரு அம்மா குச்சி வைத்து அதை நெம்பி எடுத்துக் கொடுத்துவிட்டு, "செருப்ப விழுங்குற அளவுக்கு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது பாரு எங்க நெலம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்ததும் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"அண்ணி, இந்தப் படம் தப்பு" என்றாள்.

மதகம்மா நிமிர்ந்தார். "எது தப்பு?"

"எல்லாமே. நான்தான் மாத்தி அடுக்கிட்டேன்." பஸ் ஸ்டாண்டைத் தொட்டுக் காட்டினாள். "இங்க என்ன அண்ணி பயிர் போட்டிருக்காங்க? பச்சப் பசேல்னு இருக்கு."

கணவர் இப்போதுதான் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "அட ஆமாக்கா. இங்க டயர் தேய்ஞ்சதுதான் உண்டு."

மதகம்மா படத்தைப் பார்த்தார். கடைமடையைப் பார்த்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் ஆள் இல்லை அவர். ஆனாலும் ஒரு தடவை நம்பிவிட்டார், அது முகத்தில் தெரிந்தது. கடைசியில் மதகம்மா, "ம்" என்றார். எழுந்து போய்க் கை கழுவினார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"சாவி இருக்கா?"

"என்ன சாவி, அண்ணி?"

"உங்க ஆபீஸ் சாவி. கிளம்பு."

மாடி அறையில் மதகம்மா சர்வேயரின் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுக்கு முதல் கோப்பைத் திறந்தாள். சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. இரண்டாவதைத் திறந்தாள், அதுவும் சாம்பல். மூன்றாவது, கொஞ்சம் வேறு சாம்பல்.

"இதுல எது வயலு?" என்றார் மதகம்மா.

"தனித்தனியா பாத்தா ஒண்ணும் பிடிபடாது அண்ணி. எல்லாம் சேந்தாத்தான்."

"தினம் இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கியா?"

"ஆமா."

"கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"அதுக்குத்தானே கண்ணாடிக் கடைக்காரரக் கட்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலத் தானே சிரித்தாள். சிரித்தபிறகுதான் பக்கத்தில் இருப்பது யார் என்று உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். மதகம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் ஒருதடவை குலுங்கியது என்று அவள் பிற்பாடு கணவரிடம் அடித்துச் சொன்னாள். அவர் நம்பவில்லை.

பிறகு மதகம்மா ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, இவள் அதே எண்ணுள்ள கோப்பை எடுத்துச் சேர்த்தாள். "ஒண்ணு." சேர்த்தாள். "ரெண்டு." சேர்த்தாள். பதறாத காரியம் சிதறாது. அதுவும் மதகம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினால் எந்தக் கோப்புக்கு இடம் மாறத் தைரியம் வரும்? பதினொன்றும் ஒரே கோப்பாகச் சேமித்து முடிந்ததும் மதகம்மாவே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து ஐந்தையும் நான்கையும் வைத்துக் கணக்குப் போட்டார். படம் திரையில் மேலிருந்து கீழாக நிறம் கொண்டது. பஸ் ஸ்டாண்டு மொட்டையாகச் சிவந்தது. தலைமடை பச்சையாயிற்று. கடைமடை, கால்வாயின் வால் நுனிவரை, ரத்தச் சிவப்பாக எரிந்தது.



"தலைமடைக்காரர்கிட்ட வாய விட்டுட்டேனே" என்றார் மதகம்மா, தனக்குத்தானே. பிறகு, "நாளைக்குக் கூட்டத்துக்கு நீயும் வா" என்றார். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

எதற்கு வரச் சொல்கிறார் என்பது அடுக்குக்குத் தெளிவாகத் தெரிந்தது. பழியை வைக்க ஒரு தலை வேண்டாமா? நியாயம்தான் என்று தேற்றிக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் காலையில் டப்பாக்களைத் தப்பு வரிசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கூட்டம் பாசன அலுவலகத்தின் கூடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பக்கம் தலைமடை, மறுபக்கம் கடைமடை, நடுவில் ஆள் நடக்க வழி. அடுக்கு கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. பயத்தில் பசிக்கிறதா, பசியில் பயமாக இருக்கிறதா என்று தெரியாமல் பிஸ்கட்டை எடுத்தாள். மதகம்மா புதுப் படத்தைச் சுவரில் மாட்டி, தண்ணீர் கடைமடைக்குத்தான் என்று அறிவித்தார்.

தலைமடைக்காரர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, கனத்த குரல். "அம்மா, சனிக்கிழமை நீங்க காட்டின படத்துல எங்க பக்கம்தான் காஞ்சு கெடந்துச்சு. நீங்களே சொன்னீங்க. இன்னைக்குப் பாத்தா பச்சையா இருக்கு. நடுவுல மழை ஏதும் பெஞ்சுதா? எங்களுக்குத் தெரியாம பெஞ்சிருச்சா?"

கூடம் சிரித்தது. இனி அண்ணி என்ன சொல்வார் என்று அடுக்கு தூணை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை நான் சொன்னது தப்பு" என்றார் மதகம்மா. சிரிப்பு நின்றுவிட்டது. மதகம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. "அந்தப் படத்துல அடுக்கு மாறிப் போச்சு. யாரும் கண்டுபிடிக்கல. எனக்கும் தெரியல. சும்மா இருந்திருந்தா உங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அடுக்கினவளே நேத்து வந்து, நான் தப்புப் பண்ணிட்டேன்னு என் முகத்துக்கு நேரா சொன்னா."

"அப்ப இந்தப் படத்த மட்டும் எப்படிம்மா நம்புறது?" என்றார் தலைமடைக்காரர், விடாமல்.

"அவ போட்டதாலதான் நம்புறேன். தப்புன்னா தப்புன்னு வந்து சொல்லுவா. எங்க வீட்டுப் பொண்ணு அவ." மதகம்மா படத்தில் பச்சையாக இருந்த பக்கத்தை விரலால் தட்டினார். "நானும் இத்தனை வருஷமா இந்த மதகப் பாத்துக்கிட்டு இருக்கேன். எங்க வயலுக்குத் தண்ணி போதும்மா, அடைச்சுக்குங்கன்னு உங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தராவது வந்து சொல்லியிருக்கீங்களா?"

தலைமடைக்காரர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் டீயைப் பார்த்தார். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அது எப்படிம்மா சொல்லுவோம்?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்ததில் கூரை அதிர்ந்தது.

"தூணுக்குப் பின்னால என்ன பண்ற? எழுந்து நில்லு, எல்லாரும் பாக்கட்டும்" என்றார் மதகம்மா.

அடுக்கு எழுந்தாள். வாய் நிறைய பிஸ்கட், கண் நிறைய தண்ணீர். விழுங்கவும் முடியவில்லை, துடைக்கவும் தோன்றவில்லை. எந்த வார்த்தைக்காக இத்தனை காலம் தவம் கிடந்தாளோ அது வந்துவிட்டது. ஊர் முன்னால் வந்தது, அவள் செய்த தப்போடு சேர்த்தே வந்தது. அதனால் அதன் ருசி ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

மதகம்மா அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். வாசலில் நின்ற மதகு ஆளைப் பார்த்து, "கடைமடையத் திற" என்றார்.